சமமாய் ஊற்றிய தண்ணீர்

எங்கள் வகுப்பில் பிள்ளைகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டீச்சர், ரீக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு வராது" என்று பா வந்து சொல்வான். "மேல்ஸாவோட அம்மா சேத்தியாத்தோப்பு போயிருக்காங்க, அதான் லேட்டு" என்பாள் தா. வெளியாள் யாராவது கேட்டால் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆளுக்கு ஒரு பீங்கான் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு சுரம், அந்தச் சுரமே அந்தப் பிள்ளையின் பெயர். நான் செய்த ஏற்பாடு இல்லை. அவர்களாகவே ஆரம்பித்தார்கள், எனக்கும் வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நான் நடத்துவது ஜலதரங்க வகுப்பு. முறையாகப் படித்தவர்கள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஜலதரங்கம் என்றால் ஒரே வித்வான் நடுவில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களை அரைவட்டமாகப் பரப்பி, இரண்டு குச்சிகளால் தட்டி வாசிப்பது. கிண்ணத்தில் தண்ணீர் கூடினால் சுருதி கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். எனக்கு அப்படி வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். மிச்சமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் விருத்தாசலத்தில் வயலின் கம்பி அறுந்தால் கடலூருக்கு ஓட வேண்டும், கிண்ணத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓட்டல்களுக்கு சூப் கிண்ணம் செய்கிற செராமிக் யூனிட் ஒன்று இருக்கிறது. கரும்புள்ளி விழுந்தது, வாய் கோணியது என்று கழித்துப் போட்டிருந்த கிண்ணங்களைக் கேட்டேன். சாக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் பெரும்பாலானவை சொத்தென்று சத்தம் போட்டன. நல்ல நாதமுள்ளவை கொஞ்சம்தான் தேறின. பிள்ளைக்கு ஒரு செட் கொடுக்க அது போதாது. அதனால் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் என்று பிரித்துக் கொடுத்தேன். வகுப்பு உருவான கதை இவ்வளவுதான்.

பாட்டில் உன் சுரம் வரும்போது நீ தட்ட வேண்டும். மற்ற நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் ஒரு பிள்ளை வராவிட்டால் அந்தக் கிண்ணத்தை வேறு யாரும் தொடக் கூடாது. அந்தச் சுரம் வர வேண்டிய இடத்தில் எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும். இது மட்டும் நான் போட்ட சட்டம். ஆரம்பத்தில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கே அது ஒரு கர்வமாகிவிட்டது. தான் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டில் ஓட்டை விழுகிறது என்பது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்தானே. பள்ளிக்கூடத்தில் ஒருவன் வராவிட்டால் ஆஜர் எடுக்கும்போது மட்டும்தான் தெரியும்.

இந்த ஊருக்கு நாங்கள் ரயில்வே மாற்றலில் வந்தவர்கள். என் கணவர் ஜங்ஷனில் வேலை பார்த்தார். அவர் இறந்த பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். தினமும் போன் செய்கிறாள், குறை சொல்ல முடியாது. "அங்க என்னம்மா இருக்கு உனக்கு?" என்று கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். காலையில் பால் பாக்கெட், சாயங்காலம் கோயில் மணி, நடுவில் மின்விசிறி. எனக்கு இங்கே சொந்தக்காரர்கள் என்று ஒருவரும் இல்லை.

தனியாக இருக்கிறவளுக்கு எல்லோரும் பேச்சுத்துணையைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். பேச்சுக்கு எனக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி போதும், ஒரு பேச்சு எடுத்தால் வேப்பூர் வரை போய்விட்டுத் திரும்புவாள். எனக்கு இல்லாமல் போனது வேறு. என் கணவருக்குச் சங்கீதம் தெரியாது. ராகத்தின் பெயரைக் கேட்டால் "என்னைக் கேட்டா?" என்பார். ஆனால் சுருதி விலகினால் அவருக்குப் பல் கூசும். சாயங்காலம் ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள், நான் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாடுகிறவர் எங்கேயாவது ஒரு நூல் வழுக்குவார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்ப்போம். ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவர் பேப்பருக்குப் போய்விடுவார், நான் வெங்காயத்துக்குப் போய்விடுவேன். அவர் போன பிறகு ரேடியோவில் யாராவது வழுக்கும்போது நான் மட்டும் நிமிர்கிறேன். எதிரே நாற்காலி இருக்கிறது. அந்த நிமிடம் எனக்குத் தாங்கவே முடியாது. மகளிடம் இதைச் சொன்னால் "சரி, புது ஸ்பீக்கர் வாங்கித் தரேன்" என்பாள். அவளும் பத்தாவது வரை பாட்டு கற்றவள்தான்.

கூடச் சேர்ந்து கேட்க ஒரு காது. இந்த ஊரில் அது கிடைத்தால் இருப்பேன், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போவேன் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வகுப்பு தொடங்கியதே அந்த ஆசையில்தான். பிள்ளைகளின் எதிர்காலம், கலை வளர்ச்சி என்று மற்றவர்களிடம் நன்றாகத்தான் பேசுவேன்.

கா என்னிடம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி, எண்ணெய் வழியச் சீவிய இரட்டைப் பின்னல், கேட்டால்தான் பதில். அவளுடைய அம்மா அதே கிண்ண யூனிட்டில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற வழியில் மகளை வகுப்பு நடக்கும் ஹாலில் விட்டுப் போவாள். யூனிட்காரர்கள் கூட்டம் போடுவதற்கென்று கட்டிய ஹால் அது; ஞாயிறு காலை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் வருவதற்கு வெகு நேரம் முன்பே கா வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பாள். நான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றி இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பேன். இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

பங்குனி வெயிலில் ஒருநாள். சுருதி சேர்த்து முடித்து, பிள்ளைகளும் வந்து, பாட்டைத் தொடங்கியாகிவிட்டது. மோகன ராகத்தில் நானே கட்டிய சின்னப் பாட்டு. அனலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, பாவின் கிண்ணம் ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில் நிமிர்ந்தேன். எதிர் வரிசையில் கா நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பா தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகள் அவரவர் முறைக்குக் காத்திருந்தார்கள். கா எழுந்து போய், சிரிஞ்சை எடுத்து, பாவின் கிண்ணத்தில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "ஏய், என்னுதுல ஏன் கை வெக்கிற?" என்று பா எகிறினான். பிள்ளைகளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மகளிடம், நான் இன்னும் இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் புத்திசாலி. "அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவதும்மா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த ஊரில் பத்தாவது என்பது ஒரு வயதல்ல, ஒரு சுவர். பிள்ளைகள் அதுவரை கீபோர்டு, டிராயிங், சிலம்பம், பரதம் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு டியூஷனில் உட்கார வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவன், என்னிடம் வந்த பிள்ளைகளிலேயே தாளம் மிக நன்றாக நின்றவன், அப்படித்தான் போனான். பெற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. சூளையின் அனலிலும் பேக்கிங் தூசியிலும் நின்று சம்பாதிக்கிறவர்கள், பிள்ளை மார்க் வாங்கி அதிலிருந்து தப்பித்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கிண்ணமாக வாயடைத்துப் போகும்போது எரிச்சல் வராமல் இருக்குமா?

காவின் அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். "பத்தாவதுலயும் ஞாயித்துக்கெழம மட்டும் அனுப்புங்க. இவளுக்கு இருக்கற காது ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இருக்காது."

அவள் தயங்கினாள். "எனக்கு அனுப்பத்தான் ஆச டீச்சர். அவங்கப்பாதான் நிறுத்திடச் சொல்லிக்கிட்டே இருக்குறாரு. சும்மா கப்பத் தட்டறதுக்கு ஒரு கிளாஸாங்குறாரு. நம்ம கிளாஸ் ஆண்டு விழாவுக்கு வரச் சொல்லியிருக்குறேன். மேடையில புள்ள வாசிக்கிறதப் பாத்தா மனசு மாறிடும். அதப் பாத்துட்டு சொல்றேனே."

ஆக, எல்லாம் ஆண்டு விழாவில் வந்து நின்றது. கா தொடர்ந்து வருவாளா மாட்டாளா, நான் இந்த ஊரில் இருப்பேனா மாட்டேனா, இரண்டும் அந்த ஒரு சாயங்காலத்தில் இருந்தது. பிள்ளைகளைப் போட்டு வாட்டி எடுத்தேன். காவுக்கென்று பாட்டின் நடுவில் ஓர் இடம் வைத்தேன். மற்ற கிண்ணங்களெல்லாம் அடங்கி நிற்க, அவளுடைய காந்தாரம் மட்டும் மெல்ல மெல்லத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவளுடைய அப்பாவுக்காகவே கட்டிய இடம் அது.

விழா அன்று மேடை ஏற்பாடெல்லாம் காவின் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் கை பட்ட வேலை தனியாகத் தெரியும். பேக்கிங்கில் கிண்ணங்களை ஆறு ஆறாக செட் சேர்ப்பது அவள் வேலை. ஒன்று கொஞ்சம் உயரமாக இருந்தாலும் கண் பிடித்துவிடும், எடுத்து ஒதுக்கிவிடுவாள். மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்ததில் ஒரு சுருக்கம் இல்லை. நாற்காலிகள் நூல் பிடித்ததுபோல நின்றன. நான் மதியமே கிண்ணங்களை மேடையில் வைத்துச் சுருதி சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வந்தேன். சிறப்பு விருந்தினர் அந்தக் கிண்ண யூனிட்டின் முதலாளி. வேப்பூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் ஹைவேயில் மாட்டிக்கொண்டார். அவருக்காக எல்லோரும் காத்திருந்தோம். சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். கார் வந்ததும் மாலை, சால்வை, போட்டோ. எல்லாம் முடிந்து நான் மேடை ஓரத்தில் வந்து உட்காரவும் திரை விலகவும் சரியாக இருந்தது.

கிண்ணங்களைப் பார்த்தேன். பெரிய கிண்ணம், சின்னக் கிண்ணம், எல்லாவற்றிலும் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, ஒரே கோட்டில், தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஸா தட்டிவிட்டான். ரீ தட்டினாள். மேடையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, ஆனால் பழகிய கை நிற்கவில்லை. தாவின் கிண்ணம் எங்கேயோ பாதாளத்திலிருந்து பேசியது. மேல்ஸா மேலே போவதற்குப் பதிலாக வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. கா தன் முறைக்கு ஒருமுறை தட்டினாள். அது கிட்டத்தட்ட ரீயின் மேலேயே விழுந்தது. கா உடனே என்னைப் பார்த்தாள். முன் வரிசையில் சிறப்பு விருந்தினர், அவருக்குப் பின்னால் காவின் அப்பா, எல்லோருடைய கையிலும் செல்போன். எல்லாம் சரி, வாசி என்பதுபோல நான் தலையை ஆட்டி, கையால் தாளத்தைத் தொடர்ந்தேன்.

கா குச்சியை மடியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தட்டவே இல்லை. பாட்டில் அவளுடைய சுரம் வந்த இடமெல்லாம் வெறுமையாகப் போனது. நடுவில் அவளுக்கென்று வைத்த அந்த இடம் வந்தது. மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கா குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, எனக்கு வேறு வழி தெரியாமல், ஸாவுக்குச் சைகை காட்டிப் பாட்டை முடித்தேன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. சிறப்பு விருந்தினர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊரு கப்புல நம்ம ஊரு புள்ளைங்க வாசிக்கிறாங்கன்னா இத விட என்னாங்க வேணும்?" என்று மைக்கில் கேட்டார். ஹாலை எங்களுக்கு எப்போதும் கொடுப்பதாக அங்கேயே அறிவித்தார். இறங்கும்போது என்னிடம், நடுவுல அந்த அமைதி வெச்சிருந்தீங்க பாருங்க, அது பிரமாதம் என்றார். அவரை என்ன செய்வது? பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

கூட்டம் கலையும்போது காவின் அம்மா மற்ற அம்மாக்களோடு என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. கா எங்கே என்று தேடினேன். அப்பா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னாடியே போய்விட்டாராம்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். மேடயில ஏறுனதும் பயந்துடுச்சு. அவங்கப்பா என்னத் திட்டிட்டுப் போறாரு. நான் எவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சேன் தெரியுமா? துண்ட எடுத்தா ஒண்ணுல நெறைய இருக்குது, ஒண்ணுல அடியில கெடக்குது. யாரோ புள்ளைங்க வெளையாடிருக்கும்னு நெனச்சேன். ஒக்காந்து எல்லாத்துலயும் ஒண்ணாப்போல ஊத்தி வெச்சேன். பாக்க எவ்ளோ லட்சணமா இருந்துச்சு! அதுல ஒக்காந்துக்கிட்டு இவ மானத்த வாங்கிட்டா."

அவளுக்கு எப்படித் தெரியும்? மகளை வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடியவள், ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததில்லை. செட் என்றால் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னது பொறுக்கவில்லை.

"அவ பயப்படல" என்றேன், கொஞ்சம் உரக்கவே. "அந்தத் தண்ணியிலதான் சுருதியே இருக்குது. நீங்க ஒண்ணாப்போல ஊத்தினதுல எல்லாக் கிண்ணமும் தப்பாப் பேசிடுச்சு. தப்புன்னு தெரிஞ்சுதான் உங்க பொண்ணு தட்டல. இந்த ஹாலிலேயே காது இருக்கறது அவ ஒருத்திக்குத்தான்."

பெருமையாகத்தான் சொன்னேன். அவளும் பெருமைப்படுவாள் என்றே நினைத்தேன். ஆனால் சுற்றி நின்ற அம்மாக்களில் ஒருத்தி "ஐயையே, மொத்தத்தையும் கெடுத்தது நீதானா?" என்று சிரித்தாள். இன்னொருத்தி "இங்க வந்தும் பேக்கிங் வேலைதான்" என்றாள். கேலிதான், வன்மம் ஒன்றுமில்லை. காவின் அம்மா சிரிக்க முயன்றாள். பிறகு வெள்ளைத் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கா வரவில்லை. போன் செய்தேன். "பத்தாவது வருது டீச்சர். அவங்கப்பா டியூஷன்ல சேத்துட்டாரு" என்றாள் அம்மா. நான் பேச்சை வளர்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "தண்ணி விஷயத்த நான் வூட்டுல யாருகிட்டயும் சொல்லல டீச்சர். அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நீங்களும் வுட்டுடுங்க." சரி என்றேன். போனை வைத்துவிட்டேன்.

யாரோ எடுத்த வீடியோவை மகளுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பிறகு போனிலும் கூப்பிட்டு "செமயா இருந்துச்சும்மா" என்றாள். ஒன்றும் தப்பாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். "ஒரு பொண்ணு நடுவுல அழுதுச்சு. பாவம், ஸ்டேஜ் பயம் போல" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வகுப்பு நிரம்பி வழிந்தது. மைக்கில் யூனிட் முதலாளி பேசிய பேச்சும் அந்த வீடியோவும் ஊர் முழுக்கச் சுற்றியதில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் நிலைமை. புதுப் பிள்ளைகள் வந்தார்கள், புதுக் கிண்ணங்கள் வந்தன. நான் கேட்டது இவ்வளவு கூட்டத்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஹாலைத் திறந்து, யாரும் வருவதற்கு முன்னால் கிண்ணங்களுக்குச் சுருதி சேர்ப்பேன். ஓரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். காவின் கிண்ணத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. "பாட்டு நடு நடுவுல நின்னு நின்னு போவுதே டீச்சர்" என்று ஒரு அப்பா குறைப்பட்டார். வராத பிள்ளைக்காக நிற்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று எழுதி ஒட்டியிருந்தது. பெங்களூருக்கு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். பரீட்சை லீவு வரைக்கும் நடத்திக் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

போன மாதம் ஒரு சாயங்காலம் காய் வாங்கிக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சைக்கிள்களும் லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் வந்து நின்ற சைக்கிளிலிருந்து "டீச்சர்" என்று குரல் வந்தது. கா. வளர்ந்திருந்தாள். முதுகில் பொதி மாதிரி ஒரு பை.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்குறேன் டீச்சர். டியூஷனுக்குப் போறேன். கேட்டுக்கு அந்தாண்டதான்."

கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுக்கப் போகும்வரை இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் அடங்கியதும் அவள் ஹேண்டில்பாரைப் பார்த்தபடி கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு என் கிண்ணம் நெஜமாவே தப்பா இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா?"

அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்திருக்கிறாள், அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானும் வாயை மூடியிருக்கிறேன். இந்தப் பெண் இத்தனை நாளும் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"தப்பாத்தான் இருந்துச்சு. உன்னோடது மட்டும் இல்ல, எல்லாக் கிண்ணமும். தண்ணி மாறிடுச்சு. உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

"யாருக்குமே ஒண்ணும் தெரியலையே டீச்சர். எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மட்டும்தான் கேக்குது, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கும் கேட்டுச்சு."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்புறம் நான் உங்களப் பாத்தப்ப ஏன் டீச்சர் தலைய ஆட்டுனீங்க?"

கேட் ஏறிவிட்டது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. அவள் பதிலுக்கு நிற்கவில்லை, நேரமாகிவிட்டது. "போயிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிப் பெடலை மிதித்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள்.

அவள் போனது என் வீட்டுக்குப் போகிற வழி இல்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு பதில் பாக்கி என்று அந்தப் பக்கமே போய், விசாரித்து விசாரித்து அந்த டியூஷன் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. உள்ளே ஒரு வாத்தியார் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, டியூஷன் விடும்வரை அங்கேயே நின்றேன்.